வேளார் சுட்ட முதுகு

ஈரக் களிமண்மேல் இரண்டு உள்ளங்கைகள் இறங்கின. விரல்கள் விரிந்திருந்தன. கட்டைவிரல்கள் நுனியில் ஒன்றையொன்று தொட்டன. மணிக்கட்டை ஒட்டிய பாகம் முதலில் பதிந்தது, பிறகு விரல்கள். கைகள் எழுந்தபோது மண்ணில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. வலது பள்ளம் சரி. இடது பள்ளம் அரை விரற்கடை சரிந்திருந்தது. ஈரத்துணி இரண்டையும் வழித்து மட்டமாக்கியது, சரியாக இருந்ததையும் சேர்த்து. கைகள் மறுபடி இறங்கின.

குடம் வாங்க வந்த பெண் ஒருத்தி முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன பானை? வாயும் இல்ல, அடியும் இல்ல.”

“பானைன்னு யாரு சொன்னா? முதுகு” என்றாள் வீட்டுக்காரி தாணம்மாள்.

“யாருக்க முதுகு?”

“பஸ் கிளீனர் ரசலையனுக்க முதுகு. இது மூணாவது. முதல் ரெண்டும் சூளையில வெடிச்சுப் போச்சு. எங்க மூத்தவ கல்யாணத்துக்குக்கூட இந்த மனுசன் இவ்வளவு கவலைப்படல, கேட்டியா.”

அந்தக் கைகளுக்கு உரியவர் பகவதியப்பன் வேளார். அப்போது, 1956இல், அவருக்கு நாற்பத்தாறு வயது. சுசீந்திரத்துக்குக் கிழக்கே, பழையாற்றங்கரையில், சூளைவிளை என்ற இடத்தில் பன்னிரண்டு குயவர் வீடுகள் இருந்தன. பஸ் போகும் சாலையிலிருந்து இறங்கினால் முதல் வீடு அவருடையது. அடுத்த வீடு பெரியப்பா மகன் சுயம்புலிங்கத்துடையது. ஒரு பானை சரியில்லை என்றால் பகவதியப்பன் அதை விலை குறைத்து விற்கமாட்டார், உடைத்து மண்ணோடு சேர்ப்பார். அண்ணன் சுயம்புலிங்கம் அதைப் பார்த்து, “ஏலே பகவதி, நீ பானை செய்யுதியா, ஓடு செய்யுதியா?” என்று கேட்பார்.

பானைக்கும் முதுகுக்கும் வந்த தொடர்பைச் சொல்ல எட்டு வருஷம் பின்னால் போகவேண்டும்.

அந்த நாளில் அந்தப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தவனைக் கரையேற்றினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். குயவன் வீட்டுக்கு ஓடிவருவார்கள். ஆளைச் சக்கரத்தின்மேல் குப்புறக் கிடத்தி, தலை வெளியே தொங்கும்படி வைத்துச் சுற்றவேண்டும். சுழலுகிற வேகத்தில் குடித்த நீர் வாய்வழியே வெளியேறும், உயிர் திரும்பும் என்பது நம்பிக்கை. இதைச் செய்வது குயவர்களுக்கு ஊர் கொடுத்த மரியாதை. அதற்காக அவர்கள் எதுவும் வாங்குவதில்லை. அரைகுறையாக வனைந்த பானை சக்கரத்தில் இருந்தாலும் அதைத் தட்டி எறிந்துவிட்டு இடம் கொடுப்பார்கள்.

தண்ணீர் வெளியேறும் என்பது உண்மைதான். வயிற்றில் இருந்த தண்ணீர் வரும். பகவதியப்பன் தன் வாழ்நாளில் ஐந்து பேரைச் சுற்றியிருக்கிறார். ஒருவன் பிழைத்தான். அவன் சக்கரத்தில் ஏற்றும்போதே இருமிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது ஆள் ஐயப்பன். 1948 ஐப்பசி. பத்தொன்பது வயது, மாடு குளிப்பாட்டப் போன இடத்தில் குளத்தில் சேற்றில் கால் மாட்டிக்கொண்டது. தூக்கிவந்து கிடத்தினார்கள். சக்கரத்தில் ஏற்றுவதற்காக அவனைப் பிடித்தபோது பகவதியப்பனின் உள்ளங்கை அவன் நெஞ்சில் பட்டது. சூடு இருந்தது. பானையின் வெளிப்புறம் தொட்டே உள்ளே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடும் கை அது, அது ஏமாறாது. அண்ணனும் தம்பியும் மாறி மாறிச் சக்கரக் கோல் பிடித்து அரைமணி நேரம் சுற்றினார்கள். இறக்கும்போது அதே இடத்தில் கை பட்டது. குளிர்ந்திருந்தது.

ஊர் அவர்களைக் குறை சொல்லவில்லை. ஐயப்பனின் அம்மா மறுநாள் வந்து, “உம்மால ஆனத நீரு செய்தீரு வேளாரே” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பகவதியப்பனுக்கு அந்தக் கும்பிடுதான் தாங்கவில்லை.

“சூடா வந்தான். நம்ம வீட்டுல வச்சுத்தான் தணுத்தான்” என்று தாணம்மாளிடம் சொன்னார். “இன்னொருத்தன் அப்பிடி நம்ம வீட்டுக்கு வந்தா நான் என்ன செய்வேன்?”

அதற்குப் பதில் கிடைக்க ஐந்து வருஷம் ஆனது.

1953 ஆவணியில் சுசீந்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்ப் பானை நான்கு கேட்டிருந்தார்கள். கொண்டுபோனபோது ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பாயில் ஒரு வாத்தியாரைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு வாத்தியார்கள் சுற்றி நின்றார்கள். நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு பெண். நாகர்கோவிலிலிருந்து முதலுதவி சொல்லிக்கொடுக்க வந்த நர்ஸ் லீலாபாய். இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு நின்றவருக்குச் செயற்கையாக மூச்சு வரவைக்கும் முறை அன்றைய பாடம்.

படுத்திருப்பவரின் இரண்டு கைகளையும் மடக்கி நெற்றிக்குக் கீழே வைத்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி, தலைமாட்டில் முழங்கால் ஊன்றி, முதுகில் தோள்பட்டை எலும்புகளின்மேல் கைகளைப் பரப்பி அழுத்தவேண்டும். காற்று வெளியே போகும். பிறகு அவருடைய முழங்கைகளைப் பிடித்துத் தூக்கவேண்டும். காற்று உள்ளே வரும். நிமிஷத்துக்குப் பன்னிரண்டு தடவை. இன்று முறை வேறு. மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் வேகமாக அழுத்தச் சொல்கிறார்கள், அதுதான் சரி. அன்று மருத்துவர்களிடம் இருந்த நல்ல முறை இது.

பானையை இறக்கிவிட்டு வராந்தாவில் நின்ற பகவதியப்பன் சிரித்துவிட்டார்.

“யாரு அங்க சிரிச்சது?” என்றாள் லீலாபாய்.

“நான்தாம்மா. பானை கொண்டு வந்தவன்.”

“சிரிக்க என்ன இருக்கு?”

“சாருக்க கை மடங்குதும்மா. தோளு பலத்துல தள்ளுதாரு. இப்பிடிப் பிசைஞ்சா மண்ணுகூடப் பதத்துக்கு வராது.”

அழுத்திக்கொண்டிருந்த வாத்தியார் நிமிர்ந்தார். “ஓய், இது மண்ணு இல்ல. மனுசன்.”

“நல்லவேளை, மண்ணா இருந்தா இதுக்குள்ள பாழாப் போயிருக்கும்.”

கீழே படுத்திருந்தவரே சிரித்தார். லீலாபாய் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் சொல்லிச் சொல்லி அலுத்தது இந்த ஒன்றைத்தான். “அவரு சொல்றது சரி சார். கை மடங்கக் கூடாது. பலம் கையிலேருந்து வரக் கூடாது.” பிறகு வராந்தாவைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்க செய்து காட்டுங்க” என்றாள்.

“கைய கழுவிட்டு வாரும், ஓய்” என்றது பாயிலிருந்து ஒரு குரல்.

அவர் கழுவிவிட்டு வந்தார். மண் பிசையும்போது முழங்காலில் நிற்பதுபோல நின்றார். கைகளை நீட்டி வைத்தார், உடம்பை முன்னால் சாய்த்தார். உடம்பின் கனம் தானே இறங்கியது. பின்னால் சாய்ந்தார், கனம் தானே எழுந்தது. அவர் முப்பது வருஷமாகத் தினமும் செய்கிற காரியம் இது. லீலாபாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முதல் நிமிஷம் பதினைந்து. “கூடுதல். மெதுவா” என்றாள். அடுத்த நிமிஷம் பதின்மூன்று. மூன்றாவது நிமிஷம் பன்னிரண்டு. அதன்பிறகு மாறவே இல்லை.

“எங்க படிச்சீங்க?”

“மண்ணுலதாம்மா.” அவர் எழவில்லை. “குடிச்ச தண்ணி வெளிய வரணும்லா? அது எப்ப வரும்?”

“தண்ணியப் பத்திக் கவலைப்பட வேண்டாம். வாயில இருக்கிறத விரல விட்டுத் துடைச்சாப் போதும். உள்ளே வேண்டியது காத்து.”

“எவ்வளவு நேரத்துல?”

“உடனே. ஒரு நிமிஷம்கூட வீணாக்கக் கூடாது. ஆளு சூடா இருந்தா நிறுத்தவே கூடாது. ஒருமணி நேரம் ஆனாலும் சரி.”

அவர் முதுகிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு, “அரைமணி நேரம் சக்கரத்துல வச்சுச் சுத்தினா?” என்று கேட்டார்.

“எந்தச் சக்கரம்?” என்றாள் அவள்.

அவர் சொன்னார். லீலாபாய் முழுவதும் கேட்டாள். கடைசியில், “அடுத்த வாரமும் வகுப்பு உண்டு. வாங்க” என்றாள். அந்த வாரமும் அதற்கடுத்த வாரமும் போனார். மூன்றாவது வாரம் வாத்தியார்களின் கையைத் திருத்தும் வேலையை அவள் அவரிடமே விட்டுவிட்டாள்.

பழகுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ரசலையன் கிடைத்தான். சூளைவிளை வழியாக ஓடும் பஸ்ஸின் கிளீனர், முப்பது வயது, அகன்ற முதுகு. சந்தைக்குப் போகும் பானைகளைப் பஸ் கூரையில் அடுக்கிக் கட்டுவது அவன்தான். மதிய வேளையில் பஸ் பழையாற்றுப் பாலத்துப் பக்கம் அரைமணி நேரம் நிற்கும். டிரைவர் தூங்குவார், ரசலையன் வேளார் வீட்டு முற்றத்துக்கு வந்து பாயில் குப்புற விழுவான்.

“ஓய் வேளாரே, நான் செத்தாச்சு. எழுப்பும்.”

“மூச்ச நிறுத்துலே. செத்தவன் பேசுவானா?”

“கொஞ்சம் கீழ... ஆங், அங்கனதான். கொள்ளாம், சுகமா இருக்கு. எனக்க பெண்டாட்டி தேவகனிக்கும் இதச் சொல்லிக்கொடும். பஸ் கூரையில ஏறி ஏறி முதுகு போச்சு.”

“இது முதுகு பிடிக்கிற வேலை இல்லலே, மக்கா.”

“பேரு என்னவானாலும் சரி, நாளைக்கும் வருவேன்.”

வந்தான். ஒரு வருஷத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாள். அந்த முதுகில் எந்த இடத்தில் கனம் இறக்கினால் காற்று முழுவதும் வெளியேறும், எந்த இடத்தில் கை நழுவும் என்பதெல்லாம் பகவதியப்பனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

சுயம்புலிங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. “சக்கரம் நம்ம குலத்துக்கு உள்ள மரியாதைலே. நீ ஒரு நர்சுப் பிள்ளை சொன்னான்னு அத விடப் போறியா? நாளைக்கு எவனாவது தூக்கிட்டு வந்து சக்கரம் கேட்டா என்ன சொல்லுவே?”

“இல்லன்னு சொல்லுவேன்.”

“சொல்லிப் பாரு. செத்தா ஊரு உன்னைத்தான் சொல்லும்.”

அது உண்மை என்பது பகவதியப்பனுக்குத் தெரியும். சக்கரத்தில் சுற்றிச் செத்தால் கும்பிடு கிடைக்கும். சுற்றாமல் செத்தால் கொன்றவன் என்ற பேர்தான்.

1955 கார்த்திகை. நான்கு நாள் மழை. பழையாறு இரு கரையும் தொட்டு ஓடியது. காலை பத்து மணிக்கு வந்த பஸ்ஸில் ரேடியேட்டர் கொதித்தது. பாலத்துக்கு அப்பால் நிறுத்தினார்கள். தண்ணீர் மொள்ளத் தகர டின்னோடு ரசலையன் கரையில் இறங்கினான். ஈர மண் காலோடு பிய்த்துக்கொண்டு போனது. டின் மிதந்தது, ஆளைக் காணவில்லை. பாலத்துக்குக் கீழே தாழம்புதரில் சட்டை சிக்கிக்கொண்டதால் கிடைத்தான். டிரைவரும் இரண்டு பயணிகளும் இழுத்துக் கரையேற்றித் தோளில் தலைகீழாகப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும்.

“வேளாரே, சக்கரம்! சக்கரத்த எடும்!”

பகவதியப்பன் முகத்தைப் பார்த்தார். உதடு நீலம், மூச்சு இல்லை. நெஞ்சில் கை வைத்தார். சூடு இருந்தது. ஏழு வருஷம் முன்பு பட்ட அதே சூடு.

“இங்க கிடத்துங்க. தரையில.”

“தரையில என்னத்துக்கு? சக்கரத்துல ஏத்தும் ஓய்!” என்றார் டிரைவர். ஆளைக் கீழே விட அவருக்கு மனமில்லை. அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து சுயம்புலிங்கம் ஓடிவந்து, சக்கரத்திலிருந்த ஈரப்பானையைத் தட்டி எறிந்துவிட்டார். “ஏத்துங்கலே! பகவதி, தள்ளி நில்லு. உனக்க பாடமெல்லாம் இங்க வேண்டாம்.”

வாதாடி ஜெயிக்கலாம். ஆனால் அதற்கு எத்தனை நிமிஷம் ஆகும்? பகவதியப்பன் தன் ஆயுளில் சொன்ன ஒரே பெரிய பொய்யை அப்போது சொன்னார்.

“சரி அண்ணே, ஏத்துவோம். ஆனா வெறுஞ்சக்கரம் முதல்ல முழு வேகம் பிடிக்கணும். வேகம் வராம ஆள ஏத்தினா பலன் இல்ல. மூத்த கைதான் சுத்தணும். நீரே கோல எடும்.”

அப்படி ஒரு விதி கிடையாது. சுயம்புலிங்கம் ஒரு கணம் விழித்தார். ஆனால் மூத்த கை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னபிறகு தெரியாது என்று எப்படிச் சொல்வது? கோலை எடுத்துச் சக்கரத்தின் குழியில் கொடுத்து வளைத்தார். சக்கரம் சுழன்றது. ஊர் சக்கரத்தைப் பார்த்தது. டிரைவர் ஆளைத் தரையில் இறக்கினார்.

வாயில் விரல் விட்டுச் சேற்றைத் துடைத்தார் பகவதியப்பன். கைகளை மடக்கி நெற்றிக்குக் கீழே வைத்தார், முகத்தைத் திருப்பினார், கைகளை இறக்கினார். முதல் இருபது தடவை வேகம் கூடிவிட்டது. பயம். ‘கூடுதல், மெதுவா’ என்ற குரல் நினைவில் வந்தது. ஒவ்வொரு தடவைக்கும் ஐந்து எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, சாய். மூன்று, நிமிர். நான்கு, ஐந்து, தூக்கு. மண் பிசைகிற கதி வந்துவிட்டது.

“வேகம் பிடிச்சாச்சுலே, ஏத்து!” என்றார் சுயம்புலிங்கம்.

“பத்தாது அண்ணே. இன்னும்.”

சக்கரம் உறுமியது. தாணம்மாள் வந்து, சக்கரத்துக்கும் தரையில் கிடந்தவனுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“இப்ப?”

“இன்னும், இன்னும்!”

“எனக்கு மூச்சு வாங்குதுலே!”

“அவனுக்கும் வாங்கட்டும் அண்ணே, சுத்தும்!”

எத்தனை தடவை என்று பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் நூற்றுப்பதினொன்று என்று சொல்வார். எண்ணிக்கையில் அவர் தவறமாட்டார். நூற்றுப்பதினொன்றாவது தடவை முழங்கைகளைத் தூக்கியபோது, அவர் கொடுக்காத ஒரு அசைவு அந்த முதுகில் ஓடியது. தொண்டையில் குடம் நிரம்புவதுபோல ஒரு சத்தம், பிறகு இருமல். வாயிலிருந்து சேறும் தண்ணீரும் வந்தன. பிறகு மூச்சு, இழுத்து, நீளமாக, தானாக.

சுயம்புலிங்கம் கோலை விட்டுவிட்டார். சக்கரம் தனியாகச் சுற்றி, ஓய்ந்து, நின்றது.

யாரோ காப்பி கொண்டுவந்தார்கள். “வாயில ஒண்ணும் ஊத்தக் கூடாது, எழுப்பி இருத்தவும் கூடாது” என்று தாணம்மாள் தடுத்தாள். கணவர் தினமும் வாய்விட்டு ஒப்பித்த பாடம் அவளுக்கும் மனப்பாடம். ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். பகவதியப்பனின் ஒரு கை இன்னும் அந்த முதுகில்தான் இருந்தது. எடுக்கப் பயம். அரைக்கண் திறந்த ரசலையன் உதட்டை அசைத்தான். எல்லோரும் குனிந்தார்கள்.

“வேளாரே... இன்னும் கொஞ்சம் கீழ.”

முற்றமே சிரித்தது. டிரைவர் மட்டும் தரையில் உட்கார்ந்து அழுதார். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி, அதே பஸ்ஸின் நீள சீட்டில் அவனைப் படுக்கவைத்து நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பகவதியப்பன் வழி முழுக்க அவன் மூச்சை எண்ணிக்கொண்டே போனார். ஐந்தாவது நாள் ரசலையன் வீடு திரும்பினான். அவன் மனைவி தேவகனி வேளார் வீட்டு முற்றத்துக்கு வந்து, பகவதியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த முறை அவரால் தாங்க முடிந்தது.

ஆனால் பத்து நாளில் ஒரு பேச்சு பரவியது. சூளைவிளைச் சக்கரம் உயிர் கொடுத்த சக்கரம் என்றார்கள். மூத்த வேளார் சுற்றின சுற்றில் எமன் தலை கிறங்கி ஓடிவிட்டானாம். கருங்கல் ஊர்ச் சந்தை வரைக்கும் அது போனது. சுயம்புலிங்கம் மறுக்கவில்லை.

பகவதியப்பன் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார். “அண்ணே, நீரு சுத்தினது வெறுஞ்சக்கரம். ஆள அதுல ஏத்தவே இல்ல. நான் சொன்னது பொய். இத நம்பி ஊரு அடுத்த ஆளையும் சக்கரத்துல வைக்கும். அவன் செத்தா அது என் பொய்யால.”

சுயம்புலிங்கம் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று மாதம் பேச்சு இல்லை.

பொய்யை அழிக்க வாயால் சொன்னால் போதாது, கையால் காட்டவேண்டும் என்று பகவதியப்பனுக்குத் தோன்றியது. லீலாபாயின் வகுப்பில் கை மடங்காமல் பழகிய பிறகும் எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்தான். கையை எங்கே வைப்பது? இடுப்புப் பக்கம் இறக்கினால் பயனில்லை, கழுத்துப் பக்கம் ஏற்றினாலும் பயனில்லை. ஆளுக்கு ஆள் சட்டைக்கு மேல் தடவித் தடவிப் பார்த்தார்கள். இடம் பதிந்த ஒரு முதுகு இருந்தால்? ரசலையனை மறுபடி பாயில் படுக்கவைத்து, கயிறு பிடித்து அளந்தார். “இப்ப சாகாமலேயே படுக்கேன் ஓய்” என்றான் அவன். சுவர் விரல் பருமனில், உள்ளே கூடாக, ஒரு முழு முதுகு எழும்பியது. முதல் முதுகு சூளையில் வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது.

மூன்றாவதில் கை பதித்துக்கொண்டிருந்த அன்றுதான் பின்னால் ஒரு நிழல் வந்து நின்றது. சுயம்புலிங்கம்.

“ஐயப்பனும் சூடாத்தான் இருந்தான்” என்றார். “எனக்க கையிலயும் பட்டுது. நான் யார்கிட்டயும் சொல்லல.”

பகவதியப்பன் திரும்பிப் பார்க்காமல், “தெரியும் அண்ணே” என்றார்.

சுயம்புலிங்கம் குனிந்து முதுகின் விளிம்பைச் சுண்டிப் பார்த்தார். “இந்த மண்ணு வெடிக்காம என்ன செய்யும்? வழவழன்னு இருக்கு. உமி சேத்தியா? இல்ல. அடியில காத்துப் போக ஓட்டை? அதுவும் இல்ல. பெரிய உருப்படி சுடத் தெரியுமாலே உனக்கு? பானை உடைக்கத்தான் தெரியும்.”

அன்றே அதைக் கலைத்தார்கள். உமி கலந்து, அண்ணனும் தம்பியும் சேர்ந்து மிதித்து, புதிதாக எழுப்பினார்கள். அடியில் மூன்று துளை. நிழலில் இருபத்தாறு நாள் காயவிட்டார்கள். சூளையில் தீ எவ்வளவு என்று சுயம்புலிங்கம் பார்த்துக்கொண்டார், யாரையும் கிட்டவிடவில்லை. சூளை பிரித்தபோது முதுகு செக்கச் சிவந்து முழுசாக வந்தது. தட்டினால் வெண்கலம்போலக் கணீரென்றது.

1956 ஆனியில், பள்ளிக்கூடம் திறந்த மூன்றாவது வாரம், லீலாபாயின் வகுப்புக்கு அதைப் பஸ்ஸிலேயே கொண்டுபோனார்கள். கூரையில் ஏற்ற ரசலையன் சம்மதிக்கவில்லை. “எனக்க முதுகு, எனக்க மடியில” என்று சீட்டில் உட்கார்ந்து வைக்கோல் சுற்றி அணைத்துக்கொண்டான். அன்று வகுப்புக்கு நாற்பது பேர். இந்த முறை வாத்தியார்கள் மட்டுமல்ல, ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் வேலைசெய்கிறவர்களும் வந்திருந்தார்கள். சுற்று ஊர்க் குயவர் ஒன்பது பேரைச் சுயம்புலிங்கமே கூப்பிட்டு வந்திருந்தார்.

வைக்கோலைப் பிரித்தார்கள். லீலாபாய் கிட்டே வந்தாள். தோள்பட்டை எலும்புகளின்மேல் இரண்டு கைத்தடங்கள், கட்டைவிரல்கள் தொட்டபடி. விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். கடைசியில் அங்கேயே நின்றபடி தன் கைகளை அவற்றில் வைத்தாள். அவளுடைய சிறிய கை அந்தப் பெரிய பள்ளத்தில் நடுவாக, நழுவாமல் உட்கார்ந்தது.

“யாரு கை வச்சாலும் சரியான இடத்துலதான் போய் நிக்கும்” என்றார் சுயம்புலிங்கம், தான் செய்ததுபோல. பிறகு குயவர்கள் பக்கம் திரும்பி, “நானே சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அன்னைக்கு நான் சுத்தினது வெறுஞ்சக்கரம். இனி எவனாவது ஆளத் தூக்கிட்டு வந்தா, சக்கரம் அது பாட்டுக்குக் கிடக்கட்டும். தரையில கிடத்துங்க” என்றார்.

முதுகை மேசைக்குத் தூக்கப் பகவதியப்பன் ஒரு பக்கம் பிடித்தார். மறுபக்கம் ரசலையன். மேசைமேல் வைக்கவிடாமல், அதைத் தானே வாங்கிக்கொள்ள லீலாபாய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

“கனம் கூடுதல்மா. பைய” என்றார் பகவதியப்பன். “இந்தாங்க. பிடிச்சாச்சா?”

“பிடிச்சாச்சு அண்ணாச்சி.”

அவர் கையை விட்டார்.